ருக்கு குடிக்காத பால்

அப்துல் ஜப்பார் பாய் சும்மா கொடுக்கிறார் என்று பக்கத்து வீட்டுப் பொன்னம்மா வந்து சொன்னபோது, அவள் வேறு யாரையோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். தீவுத் துறைமுகத்தை ஒட்டிய ஹேடோவில், எங்கள் குவார்ட்டர்ஸ் இறக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பாயை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். புளி நிறுக்கும்போது தட்டு ஒரு நூல் என் பக்கம் சாய்ந்தால், ஒரு சுளையைப் பிய்த்துப் பானையில் போட்டுவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார். அப்படிப்பட்டவர் சாயங்காலம் நாலு மணிக்குக் கடையின் பின்வாசலில் உட்கார்ந்து, வருகிற குழந்தைகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு தம்ளர் பால் ஊற்றுகிறாராம்.

"பாலா? இந்த ஊர்லயா?" என்றேன்.

"பவுடர் பால்தாங்க்கா. ஆனா நல்லா கெட்டியா இருக்கு. எம்புள்ள மூணு நாளா குடிக்கிறான். நம்ம ருக்குவையும் அனுப்புங்க."

எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இருட்டடிப்புக்காக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை. மறுபடி ஒட்டச் சொன்னால் பசை காய்ச்ச மாவுக்கு எங்கே போவது? மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்து நாற்பது நாள் தாண்டிவிட்டது. கப்பலையெல்லாம் பட்டாளம் எடுத்துக்கொண்டது என்றார்கள் சிலர். வழியில் கடலுக்குள் குண்டு போட்டு வைத்திருக்கிறார்கள், அதைப் பொறுக்கி எடுக்காமல் ஒரு கப்பலும் வராது என்றார்கள் சிலர். தெருவில் தமிழர், வங்காளி, தெலுங்கர் யாரைப் பார்த்தாலும் முதல் பேச்சு "ஜஹாஜ் கப் ஆயேகா?", கப்பல் எப்போது வரும் என்பதுதான். சண்டை எங்கள் ஊருக்கு வரவே இல்லை. பஞ்சத்தை மட்டும் அனுப்பிவைத்தது.

என் மகள் ருக்குவுக்கு ஆறு வயது. டிசம்பரில் தட்டம்மை போட்டு இறங்கியதிலிருந்து குச்சி போல ஆகிவிட்டாள். படியில் ஏறினால் நடுவில் உட்கார்ந்துகொள்வாள். பாலும் முட்டையும் கொடுங்கள், இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு வேறு வினையாகிவிடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எழுத அவரிடம் காகிதம் இருந்தது, கொடுக்க என்னிடம் பால்தான் இல்லை. கராச்சர்மா கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த பால்காரர், மாட்டுக்குத் தவிடு இல்லை என்று வருவதையே நிறுத்தியிருந்தார்.

அப்படியிருந்தும் நான் ருக்குவை அனுப்பவில்லை. என் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு யார் மேலும் லேசில் நம்பிக்கை வராது. புருஷன் வாங்கி வந்த மீனாக இருந்தாலும் செவுளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அரிவாள்மனையை எடுப்பேன். அதனால் நான் கெட்டுப்போனதும் இல்லை என்று அந்த நாளில் பெருமை வேறு.

என் வீட்டுக்காரர் ஜெகநாதன் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதுகிற வேலை. அதிர்ந்து பேசமாட்டார். அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கொழந்தைய பாய் கடைக்கு அனுப்பேன் இந்திரா."

"எதுக்குக் குடுக்கறார்னு தெரியுமா உங்களுக்கு?"

"எதுக்காவது இருக்கட்டுமே. எல்லாக் கொழந்தையும் குடிக்குது."

"குடிக்கட்டும். புளியில ஒரு சுளைய விடாத மனுஷன் பாலை ஊத்தறார்னா, அதுல ஏதோ இருக்கு. எம் பொண்ணு வாயில அத ஊத்த மாட்டேன்."

அவர் எழுந்து கை கழுவப் போனார். ஆனால் மறுநாளும் கேட்டார், "போனாளா?" என்று. அதற்கு மறுநாளும் கேட்டார். மாதம் முழுக்க ஒரு நாள் விடாமல் கேட்டார். இவருக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று அதையும் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் அவர் சட்டையைத் துவைக்கும்போது பையின் தையலோரம் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. "சுண்ணாம்பு," என்றார். டாலி கிளார்க்குக்குச் சுண்ணாம்பு எங்கேயிருந்து வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அன்றைக்கு என் கவனமெல்லாம் பாய் மேல் இருந்ததால் விட்டுவிட்டேன்.

குழாயடியில் என்னென்னவோ பேசினார்கள். பதுக்கின சரக்கு, போலீஸ் வருமுன் காலி பண்ணுகிறார் என்றாள் ஒருத்தி. சண்டை முடிந்த நேரம், ஆளின் பெயரைப் பார்த்தே பேசுகிறவர்களும் இருந்தார்கள். ராமநாதபுரத்துக் கரையில் பிறந்து எங்களோடு ஒரே கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்த மனுஷனை, அந்தப் பக்கத்து ஆள் என்றார்கள். நானும் ஆமாம் போட்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பேசிவிட்டு அவர்களெல்லாம் நாலு மணிக்குப் பிள்ளைகளைத் தம்ளரோடு அனுப்பினார்கள். நான் மட்டும் சொன்னபடி நின்றேன்.

ருக்கு ஜன்னலில் கறுப்புக் காகிதத்தின் ஓரத்தைச் சுரண்டி, ஒரு கண் அளவுக்கு ஓட்டை வைத்திருந்தாள். அது வழியாகத் தம்ளர் பட்டாளம் இறங்கிப் போவதைப் பார்ப்பாள். அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

"ஜப்பார் தாத்தா பால் குடுத்தா என்ன செய்யணும்?"

"வாங்கக் கூடாது."

"ஏன்?"

"அதுல விஷம் இருக்கு. குடிச்சா அம்மாவைப் பாக்கவே முடியாது."

"வேற யாராவது வாங்கிக் குடுத்தா?"

"வாய இறுக்கி மூடிக்கணும்."

"அப்பா குடுத்தா?"

"அப்பா குடுத்தாலும்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே கேட்டாள். "நீ குடுத்தா?"

"நான் ஏன்டி குடுக்கப்போறேன்," என்றேன்.

ஒரு நாள் நானே இறங்கிப்போய்ப் பார்த்தேன். பின்வாசலில் பெரிய அலுமினியக் குண்டான். பாய் முதலில் தன் தம்ளரில் ஊற்றிக் குடித்தார். குடித்துவிட்டு, "வாப்பா குடிச்சாச்சு. இனி நீங்க வாங்க," என்று பிள்ளைகளைக் கூப்பிட்டார். தினமும் அப்படித்தானாம். எதற்கு இந்த நாடகம்? நல்ல பாலாக இருந்தால் குடித்துக் காட்டுவானேன்? அதுவும் தனித் தம்ளர். என்னைப் பார்த்ததும், "தங்கச்சி, ருக்குப் புள்ளைய அனுப்பலியே, ஒடம்பு தேவலையா?" என்றார். என் மகளை மட்டும் ஏன் பெயர் சொல்லிக் கேட்கிறார்? விறுவிறுவென்று திரும்பினேன்.

திரும்பும்போதுதான் அந்தக் காலிப் பால் பவுடர் டின்னைப் பார்த்தேன். பாயின் மனைவி சைனம்பு அதில் மண் நிரப்பிக் கொத்தமல்லி போட்டிருந்தாள். மேலே சுற்றியிருக்க வேண்டிய காகிதம் இல்லை. சாய்த்துப் பார்த்தேன். அடியில் யாரோ கல்லால் தேய்த்திருந்தார்கள். தேய்த்தும் போகாத பச்சைப் பெயிண்ட், பெருக்கல் அடையாளம் மாதிரி.

அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று டாலி கிளார்க் பெண்டாட்டிக்குத் தெரியாதா? கப்பல் சரக்கு கெட்டுவிட்டது என்று சர்வே ஆபீசர் முடிவு செய்தால் அப்படிப் பெருக்கல் போடுவார்கள். போட்டுவிட்டால் ஒருவரும் தொடக் கூடாது. படகில் ஏற்றிப்போய் வெளிக்கடலில் கொட்ட வேண்டும். டாலி கிளார்க் கூடவே போய், கொட்டியதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சண்டைக்கு முன்னால் வந்த கடைசிக் கப்பலின் சரக்கு கொஞ்சம் கடல் தண்ணீரில் நனைந்து ஷெட்டில் கிடந்தது என்றும், ஜனவரி பிறந்ததும் அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்ததாகவும் ஜெகநாதன் சொல்லியிருந்தார்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. கடலில் கொட்டிய விஷத்தை இந்த மனுஷன் டிங்கிப் படகு வைத்துப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். போன வாரம் பொன்னம்மா மகனுக்கு வயிற்றால் போனதும் ஞாபகம் வந்தது. வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால், நமக்கெதுக்கு என்பார் ஜெகநாதன். மொட்டைக் கடுதாசி எழுதுகிற ஆளும் நான் இல்லை. மறுநாள் காலையில் புடவையை மாற்றிக்கொண்டு நேரே சப்ளை இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தியிடம் போய், பெயரையும் குவார்ட்டர்ஸ் நம்பரையும் சொல்லிவிட்டு, பார்த்ததைச் சொன்னேன். நான் பச்சைப் பெயிண்ட் என்றதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

அன்றே நாலு மணிக்கு ஜீப் வந்தது. கான்ஸ்டபிள், "பச்சா லோக், பீச்சே ஹடோ," என்று பிள்ளைகளை விலக்கினான். நான் ருக்குவைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் முன்னால் போய் நின்றேன். கடைக்குள்ளிருந்து டின்களைத் தூக்கிவந்து வாசலில் அடுக்கினார்கள். நாற்பது ஐம்பது இருக்கும். ஒன்றிலும் காகிதம் இல்லை, எல்லாவற்றின் அடியிலும் பச்சை.

"எங்கேருந்து வந்தது பாய்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கடல்ல மெதந்துச்சு. டிங்கில போயி எடுத்தேன்."

"மிதந்ததா? இவ்ளோ டின்னும் ஒரே இடத்துலயா?"

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். கொட்டியதற்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று அதில் இருந்தது. "ஜெகநாதனைக் கூட்டிட்டு வாங்க," என்றார். சரி, சாட்சிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

ஜெகநாதன் துறைமுகத்திலிருந்து நடந்தே வந்தார். டின்களைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"பாய் மேல தப்பில்ல சார். நாந்தான் குடுத்தேன்," என்றார்.

அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஷெட்டில் பெட்டியெல்லாம் நனைந்திருந்ததாம். அட்டையும் காகிதமும் ஊறிப்போனதைப் பார்த்து, ஒரு டின்னைக்கூடத் திறக்காமல் மொத்தமும் கெட்டது என்று எழுதிவிட்டார்களாம். படகில் போகும்போது இவர் ஒன்றைத் திறந்து வாயில் போட்டுப் பார்த்திருக்கிறார். பவுடர் உலர்ந்து நன்றாக இருந்திருக்கிறது. துருப்பிடித்தது, ஒடுங்கியதை மட்டும் கடலில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பாய் கடையின் பின்பக்கம் இறக்கியிருக்கிறார். பாய் மூன்று நாள் தானே கரைத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறார்.

"நம்ம வீட்டுக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"வீட்டுக்கு ஒண்ணு எடுத்தாலும் திருட்டுன்னு ஆயிடும் இந்திரா. ருக்குவும் மத்தக் கொழந்தைங்களோட போய்க் குடிச்சுக்குவான்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?"

அத்தனை பேர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு மாதமாக இந்த மனுஷன் "போனாளா, போனாளா" என்று கேட்டது என் காதில் திரும்பத் திரும்ப விழுந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாலைச் சேர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சொந்த மகளின் எலும்பைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா யார் பதில் சொல்றது ஜெகநாதன்? நல்ல பால்னா, திரும்ப டெஸ்டுக்கு அனுப்புங்கன்னு நானே எழுதறேன். அதுவரைக்கும் ஷெட்டுல இருக்கட்டும். ஆனா நல்லதுன்னு நான் எத வெச்சு எழுத?"

"ஒரு மாசமா எல்லாக் கொழந்தையும் குடிக்குது சார்."

அப்போதுதான் பொன்னம்மா முன்னால் வந்தாள். "எல்லாக் கொழந்தையும் இல்லீங்க சார். இவங்க ருக்கு மட்டும் ஒரு நாளும் குடிக்கல. நான் வந்து வந்து கூப்பிட்டேன், அனுப்பல." என்னைப் பார்த்துத் திரும்பினாள். "ஏங்க்கா, கெட்டுப்போனதுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். உங்க புள்ள உசிரு வெல்லம், எம்புள்ள உசிரு சும்மாவா? அதான் போன வாரம் அவனுக்கு வயித்தால போச்சு."

"ஐயோ, இல்ல பொன்னம்மா. அவருக்குத் தெரியாது. நாந்தான் தடுத்தேன்," என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். ஏன் தடுத்தீங்க?"

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. ஒரு மாதமாக நான் பாயைப் பார்த்த அதே பார்வை. அதற்கு என்ன பதில் சொன்னாலும் எடுபடாது என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. ஒருத்தி தன் மகன் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கி மண்ணில் கவிழ்த்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் கவிழ்த்தாள்.

நான் குண்டானிலிருந்து ஒரு தம்ளர் மொண்டேன். "சார், பாருங்க. எம் பொண்ணுக்கே குடுக்கறேன். இவ ஒருத்தியப் பெத்து வெச்சிருக்கேன். கெட்டதுன்னா குடுப்பேனா?"

"குடுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

ருக்குவின் முன்னால் மண்டியிட்டுத் தம்ளரை நீட்டினேன். அவள் பாலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குடிடி கண்ணு. அம்மாதானே குடுக்கறேன்."

தலையை ஆட்டினாள். நான் அவள் கையை விலக்கப் பார்த்தேன். அந்தக் குச்சிக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. விரலிடுக்கு வழியாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அதுல விஷம் இருக்குன்னு நீதானேம்மா சொன்ன. யார் குடுத்தாலும் குடிக்கக் கூடாதுன்னு சொன்ன."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிப் பையில் சொருகினார். "ஏத்துங்கப்பா," என்றார் கான்ஸ்டபிளிடம். இருட்டுவதற்குள் வெளிக்கடலில் கொட்டிவிட வேண்டும், இந்தத் தடவை வேறொரு கிளார்க்கும் கூடப் போவார், ஜெகநாதன் நாளைக்கு ஆபீசில் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். மீதிப் பாலைச் சைனம்பு சாக்கடையில் ஊற்றினாள்.

என் கையில் இருந்த தம்ளர் அப்படியே இருந்தது. நான் அதைக் குடித்தேன். கெட்டியான, நல்ல பால். உப்புக் கரிக்கவில்லை, ஒரு வாடை இல்லை. கடைசிச் சொட்டுவரை குடித்தேன். ருக்கு என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "துப்பிடும்மா, துப்பிடும்மா," என்று அழுதாள்.

வீட்டுக்கு வந்து நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கண்ணை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள். "வயிறு வலிக்குதா?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்ததும் பயந்துபோய், "இப்பவாவது வலிக்குதா?" என்றாள். இவ்வளவு சந்தேகத்தை இவள் என்னிடமிருந்து பாலோடு குடித்தாளா, பால் இல்லாமல் குடித்தாளா என்று தெரியவில்லை.

எழுந்து போய் ஜன்னலின் கறுப்புக் காகிதத்தை முழுக்கக் கிழித்தேன். கீழே ஹேடோ துறையை விட்டுப் படகு கிளம்பியிருந்தது. டின்களுக்கு நடுவில் ஜெகநாதன் உட்கார்ந்திருப்பது சின்னதாகத் தெரிந்தது.

ருக்கு பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லபடியாக யோசித்து முடிவுக்கு வந்தவள் மாதிரி சொன்னாள்.

"நாளைக்குக் காலைல நீ எந்திரிச்சேன்னா, நானும் குடிக்கிறேம்மா."

படகு வெளிக்கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. சரி என்று தலையாட்டினேன்.